ஊர்ச் செலவுக்கு யார் பையில் கை வைப்பது?

கலிபோர்னியாவிலிருந்து டல்லஸ் பக்கம் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர், போன புதிதில் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார்: "இந்த மாநிலத்தில் வருமான வரியே கிடையாது." பொய்யில்லை. வாஷிங்டனுக்குச் செலுத்த வேண்டிய வருமான வரி அமெரிக்கா முழுவதற்கும் பொது; அதற்கு மேல் மாநிலம் எடுத்துக்கொள்ளும் பங்கு டெக்சாஸில் இல்லை. மறு ஆண்டு அவர் வீடு வாங்கினார். அதற்கடுத்த அக்டோபரில் வீட்டு வரிச் சீட்டு வந்தது. வீட்டின் மதிப்பில் ஏறத்தாழ 2 சதவீதம். 4 லட்சம் டாலர் வீடு என்றால் ஆண்டுக்கு 8,000 டாலர். அதன் பிறகு அந்தப் பெருமையை அவர் பேசுவதில்லை.

மாநிலம் எதுவானால் என்ன, பள்ளிக்கூடம் நடந்தாக வேண்டும். குப்பை அள்ள வேண்டும், சாலைக் குழியை அடைக்க வேண்டும், நள்ளிரவில் தீப்பிடித்தாலும் வண்டி வர வேண்டும். அமெரிக்காவில் இவற்றில் பெரும்பகுதி நகரம், கவுண்டி, பள்ளி மாவட்டம் ஆகிய உள்ளாட்சிகளின் பொறுப்பு. கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாவட்டம் என்பது பள்ளிகளை மட்டும் நடத்துவதற்கென்றே இருக்கும் தனி உள்ளாட்சி. பல இடங்களில் வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. இந்தச் செலவுக்கான பணம் மூன்று வழிகளில் வரலாம்: மக்கள் வைத்திருப்பதன் மேல் வரி, வாங்குவதன் மேல் வரி, சம்பாதிப்பதன் மேல் வரி. ஒரு வழியை அடைத்தால் மற்றொன்றில் வெள்ளம் கூடும். நண்பருக்கு நேர்ந்தது அதுதான்.

இவற்றுள் எது நியாயமான வரி என்று பொருளாதார வகுப்பில் விவாதிப்பார்கள். நகர மன்றக் கூட்டத்தில் எழும் கேள்விகள் வேறு. எதன் மேல் வரி போட்டால் அது ஊரைவிட்டு ஓடாது? யார் மேல் போட்டால் அடுத்த தேர்தலில் நமக்கு ஆபத்து வராது? வாய்விட்டு யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு ஊரும் ஏன் ஒவ்வொரு விதமாக வரி வாங்குகிறது என்பது பெருமளவுக்குப் புரிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊர் தானாக எந்த வரியையும் தேர்ந்தெடுத்துவிட முடியாது. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் உள்ளாட்சி என்ற பேச்சே இல்லை. மாநிலம் கொடுத்த அதிகாரம்தான் நகரத்துக்கு உண்டு, அதற்கு மேல் இல்லை என்று அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் 1868ல் வகுத்த விதி இன்றும் பல மாநிலங்களில் செல்லுபடியாகிறது. சியாட்டில் நகரம் 2017ல் பெரும் வருமானக்காரர்களுக்கு மட்டும் ஒரு வருமான வரி போட்டுப் பார்த்தது. நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. விளைவாக, பணக்காரர்கள் நிறைந்த அந்த நகரம் இன்னமும் 10 சதவீதத்தைத் தாண்டிய விற்பனை வரியை நம்பியிருக்கிறது. அந்த வரியை ஏழையும் அதே விகிதத்தில்தான் கட்டுகிறார்.

இந்தியாவில் இந்தக் கட்டு இன்னும் இறுக்கம். சென்னை மாநகராட்சி வருமான வரியும் போட முடியாது, விற்பனை வரியும் போட முடியாது. சொத்து வரி உண்டு. சம்பளத்தோடு லேசாக உறவுள்ள தொழில் வரி உண்டு. ஆனால் அதற்கு அரசமைப்பின் 276ஆம் பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988க்குப் பிறகு அந்தத் தொகை மாறவில்லை. மாதம் 5 லட்சம் வாங்குபவரும் அதற்கு மேல் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. எனவே மூன்று வரிகளுக்கிடையே உண்மையான தேர்வு எப்படி நடக்கிறது என்று பார்க்க, அமெரிக்காவைப் போல வசதியான இடம் குறைவு.

சொத்து வரியிலிருந்து தொடங்குவோம். இலங்கையில் இதைச் சோலைவரி என்றும் ஆதனவரி என்றும் சொல்வார்கள். அமெரிக்க உள்ளாட்சிகள் எல்லாம் சேர்ந்து திரட்டும் வரியில் 70 சதவீதத்துக்கும் மேல் இதுதான். காரணம் எளிது: நிலம் ஓடாது. சம்பளக்காரர் வேறு ஊருக்குப் போகலாம், வாடிக்கையாளர் பக்கத்து ஊர்க் கடைக்குப் போகலாம். வீட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் எல்லை தாண்ட முடியாது. வரி கட்டவில்லையென்றால் பாக்கியை வீட்டின் மேலேயே கடனாக ஏற்றி வைக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், வீடு வைத்திருப்பவர்கள் உட்பட. மற்ற இரண்டு வரிகளிலும் விகிதம் முதலில், பணம் பிறகு. 2 சதவீதம் விற்பனை வரி என்று போட்டுவிட்டு, வியாபாரம் எப்படி நடக்கிறதோ அப்படி வருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சொத்து வரிக் கணக்கு பல இடங்களில் இதற்குத் தலைகீழ். ஊர் முதலில் தன் செலவைப் போடுகிறது. மற்ற வருமானங்களைக் கழித்தபின் 20 லட்சம் டாலர் துண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் உள்ள வீடு, கடை, மனை எல்லாவற்றின் மொத்த மதிப்பு 10 கோடி டாலர். வகுத்தால் 2 சதவீதம். அதுதான் அந்த ஆண்டின் விகிதம். அடுத்த ஆண்டு வீட்டு விலை சரிந்து மொத்த மதிப்பு 8 கோடியானால், விகிதம் இரண்டரை சதவீதமாகிறது. ஊருக்கு அதே 20 லட்சம் வந்துவிடும். ஆக, ஊரிலுள்ள எல்லா வீடுகளின் மதிப்பும் ஒரே அளவில் இரட்டித்தால், செலவு கூடாதவரை யாருடைய வரியும் ஏற வேண்டியதில்லை. உங்கள் வீட்டின் மதிப்பு மற்றவர்களுடையதைவிட வேகமாக ஏறினால்தான் உங்கள் பங்கு கூடும். சொத்து வரி என்பது ஒரு விருந்தின் செலவை இலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது போன்றது. பெரிய இலைக்குப் பெரிய பங்கு, அவ்வளவுதான்.

வரி விகிதத்தை அங்கே பல ஊர்களில் சதவீதமாகச் சொல்லாமல் 'மில்' கணக்கில் சொல்வார்கள். ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் என்பது ஒரு மில். மேலே சொன்ன 2 சதவீதம், 20 மில்.

இந்தக் கணக்கு முறையாலும், மதிப்பீடு சந்தை விலைக்கு ஓரிரு ஆண்டு பின்தங்கியே நடப்பதாலும், 2008ல் வீட்டுச் சந்தை நொறுங்கியபோதுகூட சொத்து வரி வருவாய் மற்றவற்றைப் போல உடனடியாகச் சரியவில்லை. கருவூலக்காரர்களுக்கு இதன் மேல் இருக்கும் பாசத்துக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் மக்கள் இதைத்தானே அதிகம் வெறுக்கிறார்கள்? ஆம். விற்பனை வரி சொட்டுச் சொட்டாகப் போகிறது, ஆண்டு முழுவதும் எவ்வளவு கட்டினோம் என்று யாருக்கும் தெரியாது. வருமான வரி சம்பளம் கைக்கு வருமுன்னே பிடிக்கப்படுகிறது. சொத்து வரி மட்டும் பெரிய தொகையாக, தாளில் அச்சாகி, வாசலுக்கு வந்து நிற்கிறது. ஒரு வரி எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறதோ அவ்வளவு பகையைச் சம்பாதிக்கும் என்பது என் எண்ணம். அதோடு நிஜமான குறை ஒன்றும் உண்டு: வீட்டின் விலை ஏறுவதால் கையில் காசு ஏறுவதில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டி நாற்பது ஆண்டுகளாக அதே வீட்டில் இருக்கிறார். சுற்றிலும் பணக்காரர்கள் வந்து வீடு வாங்குகிறார்கள். அவர் எதையும் செய்யாமலே அவருடைய 'இலை' பெரிதாகிக்கொண்டே போகிறது.

1970களில் கலிபோர்னியாவில் இதுதான் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்தது. விலை எகிறியது, மதிப்பீடு அதைத் துரத்தியது, உள்ளாட்சிகள் விகிதத்தை அதற்கேற்பக் குறைக்கவில்லை. ஹாவர்ட் ஜார்விஸ், பால் கேன் என்ற இருவர் கையெழுத்து திரட்டி மாநிலத்தையே வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். 1978 ஜூன் 6 அன்று, வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 13ஆம் முன்மொழிவுக்கு ஆதரவளித்தார்கள். சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போது மட்டும் புதிய விலைக்கு மதிப்பிடலாம். ஒரே ஆண்டில் மாநிலத்தின் சொத்து வரி வருவாய் பாதிக்கு மேல் விழுந்தது.

மூதாட்டி காப்பாற்றப்பட்டார். ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. 1980ல் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறினால் 2020ல் அதன் வரி மதிப்பு 2.2 லட்சம்தான், வரி சுமார் 2,200 டாலர். அதே அச்சில் கட்டிய அடுத்த வீட்டை 2020ல் 12 லட்சத்துக்கு வாங்கிய இளம் தம்பதி 12,000 டாலர் கட்ட வேண்டும். இரண்டு வீட்டுக்கும் அதே தெரு, அதே தீயணைப்பு நிலையம். இது சமத்துவத்துக்கு எதிரானது என்று வழக்குப் போட்டார்கள். 1992ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதைவிடச் சுவையான பக்கவிளைவு ஊர்களின் நடத்தையில் வந்தது. கலிபோர்னியாவில் விற்பனை வரியின் அடிப்படை விகிதம் 7.25 சதவீதம்; அதில் 1 சதவீதம் கடை எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊருக்குப் போகிறது. சொத்து வரி ஒடுங்கியபின் நகரங்களுக்குக் கையில் மிஞ்சியது இதுதான். வீடு கட்டினால் பள்ளி வேண்டும், காவல் வேண்டும், வரியோ சொற்பம். கார் விற்பனைக்கூடம் வந்தால் விற்கும் ஒவ்வொரு காருக்கும் காசு. வீடு கட்ட அனுமதி கேட்டு வந்தவரிடம் முகம் சுளித்த நகரங்கள், கார் வியாபாரிக்கு ரத்தினக் கம்பளம் விரித்தன. பக்கத்து ஊரின் பெரிய கடையைத் தள்ளிக்கொண்டு வர மானியம் கொடுத்தவையும் உண்டு. வரிச் சட்டம் ஒன்று நெடுஞ்சாலையோரத்தில் என்ன கட்டடம் எழும்பும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் சிரிப்பு வரும். அந்த மாநிலத்தில் காரில் ஒரு மணி நேரம் போனால் சிரிப்பு அடங்கிவிடும்.

விற்பனை வரியின் கதை பஞ்ச காலத்தில் தொடங்குகிறது. 1930களின் பெருமந்தத்தில் வீட்டுக்காரர்களால் சொத்து வரி கட்ட முடியவில்லை. வேலையில்லாதவர்களுக்கோ சோறு போட வேண்டும். நியூயார்க் நகரம் 1934ல் 2 சதவீத விற்பனை வரி விதித்தது. இன்று அங்கே கடை ரசீதின் அடியில் இருக்கும் வரி 8.875 சதவீதம்: மாநிலத்துக்கு 4, நகரத்துக்கு 4.5, மீதி ரயில்களையும் பஸ்களையும் நடத்தும் போக்குவரத்து அமைப்புக்கு. 110 டாலருக்குக் குறைந்த துணிமணிகளுக்கு விலக்கு உண்டு.

ஊர்களுக்கு இந்த வரி இனிப்பதற்குக் காரணம், அதில் ஒரு பங்கை வெளியூர்க்காரர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதுதான். சுற்றுலா நகரமான ஆர்லாண்டோவில் பொம்மை வாங்கும் வெளியூர்க் குடும்பத்துக்கு அங்கே வாக்கு இல்லை. ஓட்டல் அறைக்கு மட்டும் தனி வரி போடும் ஊர்கள் இதே யோசனையை இன்னும் ஒரு படி கொண்டுபோகின்றன. ஜார்ஜியா மாநிலம் 1985ல் ஒரு சாமர்த்தியமான வழி கண்டது: கவுண்டிகள் வாக்கெடுப்பு நடத்தி, டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் எந்தச் சாலை, எந்த நூலகம், எந்தப் பூங்கா என்று முன்கூட்டியே பட்டியல் தர வேண்டும், சில ஆண்டுகளில் வரி தானாக முடிந்துவிடும். மீண்டும் வேண்டுமானால் மீண்டும் வாக்கெடுப்பு. ஒரு சென்ட்தானே என்று மக்கள் கை தூக்குகிறார்கள். முடிய வேண்டிய வரி பல கவுண்டிகளில் முடிவதே இல்லை.

ஏழைகளுக்கு இது பாரம். ஆண்டுக்கு 40,000 டாலர் வருமானமுள்ள குடும்பம் அநேகமாக எல்லாவற்றையும் செலவழித்துவிடும். 4 லட்சம் வருமானமுள்ள குடும்பம் பெரும்பகுதியைச் சேமிக்கும். விகிதம் ஒன்றுதான், வருமானத்தில் விழும் அடி வேறு. மளிகைக்குப் பல மாநிலங்கள் விலக்குத் தருகின்றன. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் பால், ரொட்டிக்கும் வரி உண்டு.

ஊர் நிர்வாகம் பயப்படுவது வேறொன்றுக்கு. வாங்குபவர் காலில் சக்கரம் இருக்கிறது. மாசசூசெட்ஸ்காரர்கள் தொலைக்காட்சிப் பெட்டி வாங்க எல்லை தாண்டி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போவார்கள். அங்கே விற்பனை வரியே கிடையாது. சம்பளத்துக்கும் வரி இல்லை. அந்த மாநிலத்து வீட்டு வரியைக் கேட்டால் டல்லஸ் நண்பர் சற்று ஆறுதல் அடைவார். பிறகு இணையக் கடைகள் வந்தபோது, வாங்குபவர் நாற்காலியைவிட்டு எழாமலே எல்லை தாண்டினார். மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத நிறுவனத்தையும் வரி வசூலித்துத் தரும்படி மாநிலங்கள் கட்டாயப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்த பிறகுதான் அந்த ஓட்டை ஓரளவு அடைபட்டது. 2020ல் பெருந்தொற்று வந்து சுற்றுலாப் பயணிகள் மறைந்தபோது அடைக்க எந்தத் தீர்ப்பும் இல்லை.

மூன்றாவது, வருமானத்தின் மேல் போடும் வரி. உள்ளூர் வருமான வரி அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. இருக்கும் இடங்களில் அதற்கென்று ஒரு வரலாறு இருக்கும். பிலடெல்பியா 1939ல் ஊதியத்தின் மேல் ஒன்றரை சதவீத வரி போட்டது. அங்கே வேலை செய்பவர் எங்கே தூங்கினாலும் கட்ட வேண்டும். காலையில் ரயிலில் வந்து, நகரத்துச் சாலையில் நடந்து, நகரத்துக் காவலின் பாதுகாப்பில் சம்பாதித்து, மாலையில் புறநகருக்குத் திரும்பி அங்கே வீட்டு வரி கட்டுபவரிடம் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் இதைவிட்டால் வழியில்லை. தேவாலயம், பல்கலைக்கழகம், மருத்துவமனை ஆகியவற்றின் கட்டடங்களுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட கட்டடங்கள் நிறைந்த பழைய நகரத்தில், கட்டடத்தை விட்டுவிட்டு உள்ளே வேலை செய்பவர்களின் சம்பளத்தைத் தொடுவது இயல்பான யோசனை.

ஆனால் பிலடெல்பியா அளவு மீறியது. நகரவாசிகளுக்கான விகிதம் ஒரு கட்டத்தில் 4.96 சதவீதம் வரை போனது. அலுவலகங்கள் நகர எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கடை விரித்தன. 1990களின் நடுவிலிருந்து நகரம் விகிதத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டு வருகிறது. 2024ல் நகரவாசிக்கு 3.75, வெளியூர்க்காரருக்கு 3.44. ஏற்றியது எளிது. இறக்கும்போது ஒவ்வொரு சின்னப் புள்ளிக்கும் எந்தச் செலவை வெட்டுவது என்று சண்டை.

டெட்ராய்ட் இன்னும் கொடிய எடுத்துக்காட்டு. 1962ல் நகர வருமான வரி வந்தது. 1950ல் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை, நகரம் திவாலான 2013ல் 7 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. கார்த் தொழிலின் சரிவும் இனப் பிளவும் அதற்குப் பெரிய காரணங்கள். வரி மட்டும் ஊரைக் காலி செய்யவில்லை. ஆனாலும் போனவர்கள் சம்பளத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள், செலவோ ஊரிலேயே தங்கிவிட்டது.

ஓடுவதைத் தடுக்க ஒரு வழி உண்டு: ஓடிப் போகும் இடத்திலும் வரி இருக்கச் செய்வது. மேரிலாந்தில் 23 கவுண்டிகளும் பால்டிமோர் நகரமும், அத்தனையும், உள்ளூர் வருமான வரி வாங்குகின்றன. மாநில வரிப் படிவத்திலேயே சேர்த்துக் கட்டிவிடலாம். தெரு தாண்டினால் தப்பிக்கலாம் என்ற ஆசைக்கு அங்கே இடம் குறைவு. ஓஹையோவில் டொலீடோ நகரம் 1946ல் தொடங்கி வைத்தது, இன்று அந்த மாநிலத்து நகரங்களின் முதுகெலும்பே இந்த வரிதான். 1 சதவீதம் வரை மன்றமே போடலாம்; அதற்கு மேல் போக மக்களிடம் கேட்க வேண்டும். 2020ல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் ஓஹையோ நகரங்கள் வெலவெலத்துப் போயின. அலுவலகம் நகரத்தில், ஆள் புறநகர் வீட்டு மேசையில்: வரி யாருக்கு? அலுவலகம் இருக்கும் நகரத்துக்கே என்று மாநிலம் ஒரு தற்காலிகச் சட்டம் போட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 2024ல் அதை ஏற்றது.

தினமும் வந்து போகிறவர்கள் நகரத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அதனால்தான் அவர்கள் மேல் வரி போடுவது எளிது. ஆனால் மாநிலத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு உண்டு. நியூயார்க் நகரம் வந்து போகும் ஊழியர்களிடம் வாங்கிவந்த சிறு வரியை மாநிலச் சட்டமன்றம் 1999ல் நீக்கியது. அப்போது ஒரு புறநகர்த் தொகுதியில் இடைத்தேர்தல் நடக்கவிருந்தது. இரண்டு கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு நீக்கின.

மிசூரி மாநிலத்தில் இந்த இழுபறி சட்டமாகவே இருக்கிறது. செயின்ட் லூயிஸ், கேன்சஸ் சிட்டி இரண்டும் சம்பாத்தியத்தின் மேல் 1 சதவீதம் வாங்குகின்றன. 2010ல் மாநிலம் முழுவதும் வாக்களித்து ஒரு விதி செய்தார்கள்: இந்த இரண்டு நகரங்களும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தம் மக்களிடம் போய், இந்த வரி இருக்கட்டுமா என்று கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் பத்தாண்டில் படிப்படியாக ஒழிய வேண்டும். வரியை ஒழிக்க இதுவே போதும் என்று அதை முன்வைத்தவர்கள் நம்பினார்கள். 2011, 2016, 2021 மூன்று முறையும் நகரத்து மக்கள் பெருவாரியாக 'இருக்கட்டும்' என்றார்கள். புறநகரிலிருந்து வந்து அதே 1 சதவீதத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கு கிடையாது.